மலைக்கு வந்த ஆமைக்கு வெயில் எங்கே?

“ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படா” என்பது பழமொழி. வாயில்லா அவ்வுயிரின்மேல் நம் முன்னோர் சுமத்திய பழி இது. பீர்மேட்டின் குளிரிலோ நடப்பது இதற்கு நேர்மாறு. இங்கே ஆமையால் வீடு கெடுவதில்லை. வீட்டால் ஆமை கெடுகிறது.

மதுரையிலோ தேனியிலோ கோட்டயத்திலோ வண்ணமீன் விற்கும் கடையொன்றில், ஒரு நாணயத்தைவிடச் சற்றே பெரிய பச்சை ஆமைக்குஞ்சு கண்ணாடித் தொட்டியில் நீந்திக்கொண்டிருக்கும். விடுமுறைக்கு ஊருக்குச் சென்ற பிள்ளைகள் அதைக் கண்டு மயங்கி நிற்பர். பெற்றோர் வாங்கித் தருவர். அது குமுளி ஏற்றத்தைக் கடந்து நம் வீட்டிற்கு வந்து சேரும். முதல் சில நாள்கள் விளையாடும், போட்டதை உண்ணும். பிறகு உணவை மறுக்கும். கண்களை மூடியே கிடக்கும். ஓடு மென்மையாகும். ஒரு நாள் காலை அசைவற்று மிதக்கும். “நமக்கு ராசியில்லை” என்று கூறிப் பெரியோர் அமைதி கொள்வர், பிள்ளைகள் அழுவர். இதில் ராசிக்கு இடமில்லை. அவ்வுயிர்க்கு வேண்டிய வெயிலை நாம் தரவில்லை என்பதே உண்மை.

ஆமை, ஓணான், பல்லி, பாம்பு ஆகிய ஊர்வன இனத்து உயிர்களைக் குளிர்மலை வீட்டில் வளர்ப்போர் முதலில் அறிய வேண்டியது அவற்றின் வெயிலைப் பற்றியே. அந்த வெயிலைத் தரும் பல்பை எவ்வாறு தேர்ந்தெடுப்பது என்பதை இங்கே சற்று விரிவாகக் காண்போம்.

கம்பளி ஏன் உதவாது?

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் இம்மலைகளில் முதலில் காப்பியும் பின்னர்த் தேயிலையும் பயிரிடப்பட்டன. அப்போது திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரச் சீமைகளிலிருந்து நம் முன்னோர் வந்தனர். வெயிலில் பிறந்து வளர்ந்த அவர்களைப் பீர்மேட்டின் குளிர் நடுக்கியது. அவர்கள் கம்பளி போர்த்திக்கொண்டனர், பிழைத்தனர்.

கம்பளி வெப்பத்தை உண்டாக்குவதில்லை. உடல் உண்டாக்கிய வெப்பம் வெளியே போய்விடாமல் காக்கிறது. மனிதன், மாடு, நாய், கோழி ஆகியவற்றின் உடலுக்குள்ளே உண்ட உணவு எரிந்து ஓயாமல் வெப்பம் பிறக்கிறது. அதனாலேயே நமக்குக் கம்பளி பயன்படுகிறது. ஊர்வன உயிர்களுக்கு அத்தகைய உள்ளடுப்பு இல்லை. சூழ்நிலை எவ்வளவு வெப்பமோ ஏறத்தாழ அவ்வளவே அவற்றின் உடலும். எனவே ஆமையைக் கம்பளியில் சுற்றி வைத்தால் அதன் குளிர்தான் பாதுகாக்கப்படும்!

ஓணான் காலையில் வேலிமேல் ஏறி அமர்வதும், ஆமை குளத்துப் பாறைமேல் ஏறிக் கிடப்பதும் சோம்பலால் அல்ல. அவை வெயில் காய்ந்து உடலைச் சூடேற்றிக்கொள்கின்றன. அந்தச் சூட்டினால்தான் குடல் உணவைச் செரிக்கிறது, தசை இயங்குகிறது, நோயை எதிர்க்கும் ஆற்றல் பிறக்கிறது. வெயில் கிட்டாவிடில் உண்ட உணவு வயிற்றிலேயே கிடந்து கெடும். நுரையீரலில் சளி கட்டும். ஊர்வன உயிர் உடனே மடிவதில்லை; வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில், மெல்ல நலிகிறது. அதனால்தான் காரணம் நம் கண்ணுக்குப் புலப்படுவதில்லை.

கம்பம் பள்ளத்தாக்கில் இவ்வளவு கவலை வேண்டியதில்லை. அங்கே பகல் வெப்பமே பெரும்பாலும் போதும். பீர்மேடோ கடல்மட்டத்திற்குமேல் ஏறத்தாழ 3,000 அடி உயரத்தில் உள்ளது. ஆயிரம் மீட்டர் ஏறினால் காற்றின் வெப்பம் சராசரியாக 6 டிகிரி சென்டிகிரேடு குறையும் என்பது பொதுக் கணக்கு. அதற்குமேல் மழையும் மூடுபனியும் உண்டு. கேரளத்தில் மிகுந்த மழை பெறும் இடங்களுள் பீர்மேடும் ஒன்று. ஆனி தொடங்கிப் பல வாரங்கள் கதிரவனைக் காண்பதே அரிது. ஆகவே இங்கே ஆமை வளர்ப்பவர் அதற்குக் கதிரவனாகவும் இருந்தாக வேண்டும்.

ஒளி வேறு, வெப்பம் வேறு

“விளக்குப் போட்டிருந்தோமே, இருந்தும் இறந்துவிட்டதே” என்பார் உளர். எந்த விளக்கு என்று கேட்டால், “நல்ல வெளிச்சம் தரும் எல்.இ.டி. விளக்கு” என்பர். பிழை இங்கேதான் தொடங்குகிறது.

பழைய குண்டு பல்பின் உள்ளே டங்ஸ்டன் இழை வெண்சூடாகி ஒளிர்கிறது. அது உண்ணும் மின்சாரத்தில் நூற்றில் 5 முதல் 10 பங்குதான் கண்ணுக்குத் தெரியும் ஒளியாகிறது. எஞ்சியதெல்லாம் வெப்பமே. விளக்கு என்ற முறையில் அது ஊதாரி. ஆனால் கோழிக்குஞ்சு வளர்ப்போர் கூடைக்குள் அதைத்தான் தொங்கவிட்டனர். அவர்களுக்கு வேண்டியது வெளிச்சமன்று, சூடு. எல்.இ.டி. விளக்கோ 60 வாட் குண்டு பல்பின் ஒளியை 9 வாட்டிலேயே தந்துவிடுகிறது. அதில் பிறக்கும் சிறிதளவு வெப்பமும் பின்புறத் தண்டின் வழியாகவே வெளியேறுகிறது. கீழே கிடக்கும் ஆமையின் முதுகை எட்டுவதில்லை.

மின்சாரத்தைச் சேமிக்க எல்.இ.டி. சிறந்தது என்பதில் ஐயமில்லை. 2015இல் நடுவண் அரசு உஜாலா திட்டத்தைத் தொடங்கியது. கேரள அரசும் 2020ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில், அவ்வாண்டு நவம்பர் முதல் இழை பல்புகளின் விற்பனையைத் தடை செய்வதாக அறிவித்தது. குண்டு பல்பு கடைகளில் அரிதாகிவிட்டதற்கு இவையெல்லாம் காரணம். ஆகவே ஆமைக்கு விளக்கு வாங்கச் செல்பவர் கடையில் “பல்பு கொடுங்கள்” என்று மட்டும் கேட்டால், கையில் வருவது எல்.இ.டி. விளக்காகவே இருக்கும். அது அறையை விளக்கும், ஆமையைக் காக்காது.

எந்தப் பல்பு?

வெயில் காய்வதற்கெனக் கிடைக்கும் கருவிகளை நான்காகப் பகுக்கலாம்.

முதலாவது, ஹாலஜன் ஒளிக்கற்றை பல்பு. பின்புறம் கண்ணாடி போன்ற பூச்சுடையது. ஒளியையும் வெப்பத்தையும் ஒரு கற்றையாகக் கீழே செலுத்துவது. இது தரும் அகச்சிவப்புக் கதிர்களில் குறும் அலைநீளக் கதிர்கள் மிகுதி. கதிரவன் வெப்பத்தைப் போலவே அவை தோலைக் கடந்து சற்று உள்ளேயும் புகுந்து சூடேற்றுகின்றன. பகலில் வெயில் காயும் இடத்திற்கு இதுவே முதல் தேர்வு.

இரண்டாவது, சாதாரண இழை பல்பும், ஊர்வனவற்றுக்கென விற்கப்படும் இழை பல்பும். ஹாலஜன் கிடைக்காவிடில் இவை போதும். பெட்டியின்மேல் ஓணான் படம் அச்சிட்டிருப்பதாலேயே ஒரு பல்பு சிறந்ததாகிவிடாது. உள்ளே இருப்பது அதே டங்ஸ்டன் இழைதான். படத்திற்கு நாம் கூடுதல் விலை தருகிறோம்.

மூன்றாவது, பீங்கான் சூடேற்றி. பல்பு போலத் திருகி மாட்டலாம். ஆனால் ஒளி தராது. நெடும் அலைநீள வெப்பக் கதிர்களே இதிலிருந்து வரும். அவை உடலின் மேற்பரப்போடு நின்றுவிடும். இரவில் இருளைக் கெடுக்காமல் கூண்டின் குளிரைப் போக்க இது மிகவும் ஏற்றது. பகல் வெயிலுக்கு மாற்று ஆகாது.

நான்காவது, சிவப்பு, நீல நிற “இரவு பல்புகள்”. “ஊர்வன உயிர்களுக்குச் சிவப்பு தெரியாது” என்று கடையில் கூறுவர். அது சரியன்று. பகலில் திரியும் ஊர்வன உயிர்கள் நிறங்களை நன்கு காண்பவை. இரவெல்லாம் சிவப்பு விளக்கு எரிந்தால் அவற்றின் உறக்கம் கெடும். கோழிப்பண்ணைக்கான 250 வாட் சிவப்பு விளக்கும், மூட்டுவலிக்கு ஒத்தடம் தரும் 150 வாட் சிவப்பு விளக்கும் சிறிய தொட்டிக்குப் பொருந்தா. இரண்டடித் தொட்டியில் அவை வெயிலாக அல்ல, அடுப்பாகவே அமையும்.

சூடான கல் என்று ஒன்றும் விற்கிறார்கள். உள்ளே மின்சுருள் வைத்த செயற்கைக் கல் அது. வெப்பம் மேலிருந்து வருவதையே ஊர்வன உயிர்கள் அறிந்துள்ளன. வயிற்றின்கீழ் கல் எரிவதை உணராமல் அதன்மேலேயே படுத்திருந்து புண்பட்ட உயிர்கள் பல. அதை விலக்குவதே நலம்.

வாட்டை நம்பாதே, வெப்பமானியை நம்பு

“எத்தனை வாட் வாங்க வேண்டும்?” என்பதே எல்லாரும் கேட்கும் கேள்வி. சென்னையில் உள்ளவர் ஓர் எண்ணைச் சொல்வார். கொச்சியில் உள்ளவர் வேறோர் எண்ணைச் சொல்வார். இரண்டும் அவரவர் வீட்டுக்குச் சரி. பீர்மேட்டுக்கு எதுவும் சரியாக இராது. வாட் என்பது பல்பு உண்ணும் மின்சாரத்தின் அளவு. ஆமையின் முதுகில் விழும் வெப்பத்தின் அளவு அன்று. சூடேறாத அறையில் 75 வாட் தரும் பயனைச் சமவெளியில் 40 வாட்டே தந்துவிடக்கூடும்.

தொலைவும் கணக்கை மாற்றும். பல்பை இருமடங்கு உயர்த்தினால், கீழே விழும் வெப்பம் பாதியாகக் குறையும் என்று எண்ணுகிறோம். உண்மையில், எல்லாத் திசையிலும் பரவும் பல்பாயின் அது ஏறத்தாழ நான்கில் ஒன்றாகிவிடும். கற்றையாக விழும் பல்பில் குறைவு இவ்வளவு கடுமையாக இராது; எனினும் இரண்டங்குல ஏற்றத்தாழ்வுகூடப் பெரிய வேறுபாட்டை உண்டாக்கும்.

நம் மலைக்கே உரிய மற்றொரு தொல்லை மின்னழுத்தம். மாலையில் எல்லா வீடுகளிலும் விளக்கும் அடுப்பும் இயங்கும்போது 230 வோல்ட் 200க்கு இறங்குவதுண்டு. அப்போது இழை பல்பின் ஆற்றல் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். நம் கண்ணுக்குப் பல்பு சற்று மங்கியதாகத் தோன்றும். ஆமைக்கோ வெயிலே சாய்ந்துவிடும்.

அமெரிக்காவிலுள்ள உறவினர் அன்புடன் வாங்கி அனுப்பும் பல்பு 120 வோல்ட்டுக்கு உரியது. நம் வீட்டில் மாட்டிய கணமே அது எரிந்துபோகும், வெடிக்கவும் கூடும். வளைகுடா நாடுகளிலிருந்து வருவது பெரும்பாலும் நம் மின்னழுத்தத்திற்கு ஒத்துவரும். எதற்கும் பல்பின் மேல் அச்சிட்டுள்ள வோல்ட் எண்ணைப் படித்த பிறகே மாட்டுக. மேலும், நம் வீடுகளில் உள்ளது பெரும்பாலும் இரு முள் வைத்து மாட்டும் ஹோல்டர். ஊர்வனவற்றுக்கான பல்புகளோ மரையுடன் திருகி மாட்டுபவை. மரை கொண்ட பீங்கான் ஹோல்டரைத் தனியே வாங்க வேண்டும். பிளாஸ்டிக் ஹோல்டர் அச்சூட்டில் உருகும்.

தேயிலைத் தொழிற்சாலையில் உலர்த்தும் இயந்திரத்தின் வெப்பமானியைப் பாராமல் இலையைக் கொட்டுவார் உண்டோ? இலைக்குத் தரும் அக்கவனத்தை உயிர்க்கும் தருவோம். முறை எளிதானது. உயிரை உள்ளே விடுமுன் தொட்டியை ஆயத்தம் செய்க. ஒரு மூலையில் கல்லோ மரக்கட்டையோ வைத்து, அதற்கு நேர்மேலே ஓரடி உயரத்தில் 50 வாட் ஹாலஜன் பல்பைத் தொங்கவிடுக. ஒரு மணி நேரம் எரியட்டும். பிறகு, ஆமையின் முதுகு இருக்கக்கூடிய உயரத்தில் வெப்பமானியை வைத்துப் பார்க்க. குறைவாயின் பல்பை ஓரங்குலம் இறக்குக, மிகுதியாயின் ஏற்றுக. எட்டங்குலத்திற்குக் கீழ் இறக்க வேண்டியிருந்தால், அடுத்த வாட் பல்பை வாங்குக. நண்பகலில் மட்டும் அளந்து நிறைவு கொள்ளலாகாது. மூடுபனி படர்ந்த காலையிலும், மழை பெய்யும் மாலையிலும் அளந்து, ஒரு தாளில் குறித்து வைக்க. அந்தத் தாள் சொல்லும் வாட்தான் உங்கள் வீட்டுக்கான வாட்.

வெப்பத்தைத் தானே ஏற்றி இறக்கும் தெர்மோஸ்டாட்டைப் பொருத்தினால் இத்தொல்லையில் பாதி தீரும். ஒளிதரும் பல்புக்கு ஒளியை மெல்லக் குறைக்கும் வகை வேண்டும். பீங்கான் சூடேற்றிக்கு மூட்டி அணைக்கும் எளிய வகையே போதும். தெர்மோஸ்டாட் இருந்தாலும் வெப்பமானி வேண்டும். ஒன்று பிழைத்தால் மற்றொன்று காட்டிக்கொடுக்கும்.

எவ்வுயிர்க்கு எவ்வளவு?

கடைகளில் பெரும்பாலும் விற்கப்படுவது, கண்ணின் பின்னே சிவப்புக் கோடுடைய செங்காது ஆமை. அது வெயில் காயும் இடத்தில் 32 முதல் 35 டிகிரி இருக்க வேண்டும். நீரில் 24 முதல் 27 டிகிரி இருக்க வேண்டும். ஆஸ்திரேலியத் தாடி ஓணானுக்கு வெயிலிடத்தில் 38 முதல் 42 டிகிரி தேவை. பந்து மலைப்பாம்புக்கு வெதுவெதுப்பான பக்கம் 31 முதல் 33 டிகிரி போதும். ஆப்பிரிக்க சல்கேட்டா ஆமைக்கு 35 முதல் 38 டிகிரி வேண்டும். பாலைநிலத்து உயிர்க்கும் நீர்நிலத்து உயிர்க்கும் ஒரே பல்பு, ஒரே உயரம் பொருந்தாது என்பது இவற்றால் விளங்கும்.

தொட்டி முழுவதையும் சூடாக்குவது பெருந்தவறு. ஒரு முனை வெயிலாகவும், மறுமுனை நிழலாகவும் இருக்க வேண்டும். வேண்டும்போது சூட்டுக்கும், போதும் என்றபோது குளிர்ச்சிக்கும் அதுவே நகர்ந்து செல்லும். விளக்கடியை விட்டு நகராமலே கிடந்தால் மற்ற இடமெல்லாம் குளிர்கிறது என்று பொருள். விளக்கின் பக்கமே வராமல் ஒதுங்கினால், வாயைத் திறந்தபடியே இருந்தால், வெயில் மிகுதி என்று பொருள். நாசியில் குமிழி வருவதும், ஆமை ஒரு பக்கமாகச் சாய்ந்து மிதப்பதும் நுரையீரல் நோயின் அறிகுறிகள். அப்போது பல்பை மாற்றிப் பார்த்துக் காலம் கழிக்காமல் கால்நடை மருத்துவரை நாடுக.

வெயில் ஒரு புள்ளியாக விழலாகாது. உடல் முழுவதையும் தழுவ வேண்டும். குஞ்சின் முதுகை மூடிய கற்றை, ஓடு ஓரடி நீளம் வளர்ந்த பெண்ணாமையின் நடு ஓட்டை மட்டும் சுட்டெரிக்கும். கைகால்களோ குளிரில் இருக்கும். அப்போது ஒரு பெரிய பல்பைவிட, அருகருகே இரு சிறிய பல்புகளைச் சற்று உயரத்தில் வைப்பது நன்று. நீராமைத் தொட்டியில் பல்பின்மேல் நீர் தெறிக்காத உயரமும் வேண்டும். சூடான கண்ணாடிமேல் குளிர்ந்த நீர் பட்டால் பல்பு வெடிக்கும். நீரைச் சூடாக்க மீன்தொட்டி ஹீட்டரைத் தனியே இடுக. லிட்டருக்கு ஒரு வாட் என்பது சமவெளிக் கணக்கு. இங்கே அதனினும் கூடுதலாக வேண்டும்.

வெப்பத்தோடு இன்னொரு கதிர்

கதிரவன் வெப்பத்தை மட்டும் தருவதில்லை. அதன் புறஊதாக் கதிர்கள் தோலில் பட்டு வைட்டமின் டி3 உண்டாகிறது. அது இல்லாவிடில் உணவிலுள்ள சுண்ணாம்புச் சத்து எலும்பில் சேராது. ஓடு மெலிவதும், ஓணானின் தாடை தொய்வதும், கால் வளைவதும் இக்குறையால் வருபவை. மேலே கூறிய ஹாலஜனோ, பீங்கான் சூடேற்றியோ இக்கதிரைத் தருவதில்லை. அதற்கென உள்ள புறஊதாக் குழல் விளக்கைத் தனியே மாட்ட வேண்டும். சன்னல் கண்ணாடி இக்கதிரைத் தடுத்துவிடும். ஆதலால் சன்னலோரத்தில் தொட்டியை வைத்து மனநிறைவு அடைவதில் பயனில்லை. குழல் விளக்கு எரிந்துகொண்டே இருந்தாலும், ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் இக்கதிரின் அளவு குறைந்துவிடும். மாட்டிய நாளை அதன்மேலேயே எழுதி வைப்பது நல்ல பழக்கம்.

தை, மாசி மாதங்களில் வானம் தெளிவாக இருக்கும். அப்போது கம்பிவலைக் கூண்டில், ஒரு பாதியில் நிழல் அமைத்து, உண்மையான வெயிலையே காட்டலாம். கண்ணாடித் தொட்டியை மட்டும் வெயிலில் வைக்கலாகாது; சிறிது நேரத்தில் உள்ளே உயிர் வெந்துவிடும்.

மின்சாரம் நின்றால்? தீப் பிடித்தால்?

காற்றும் மழையும் வீசும்போது மரம் சாய்ந்து மின்கம்பி அறுவது நமக்குப் புதிதன்று. சில மணி நேரக் குளிரை நலமுள்ள உயிர் தாங்கிக்கொள்ளும். வெந்நீர் நிரப்பிய புட்டியைத் துணியில் சுற்றித் தொட்டியின் ஓரத்தில் வைத்து, மேலே கம்பளியைப் போர்த்தலாம். புட்டி தரும் வெப்பத்தைக் கம்பளி காக்கும். இப்போதுதான் கம்பளிக்கு வேலை உண்டு! வயிறு குளிர்ந்திருக்கும்போது உணவிடலாகாது. கரிக்கணப்பை அறையில் வைப்பது ஆமைக்கும் ஆபத்து, நமக்கும் ஆபத்து. அடைத்த அறையில் அதன் நச்சுக்காற்று உறங்குவோரைக் கொன்றுவிடும்.

பழைய லயங்களில் மின்கம்பிகளும் பழையன. கூரைக்குள் மரமும் உண்டு. வெயில் பல்பின் கண்ணாடி, துணியையும் காகிதத்தையும் பற்றவைக்கும் அளவுக்குச் சூடேறும். கம்பிவலைக் கூடு போட்டு, சங்கிலியில் தொங்கவிடுக, கயிற்றில் கட்டாதீர். திரைச்சீலையிலிருந்து விலக்கி வைக்க. மின்கசிவைக் கண்டதும் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இல்லாத வீட்டில், நீரும் மின்சாரமும் அருகருகே இருக்கும் இவ்வேலையைத் தொடங்காதிருப்பதே அறிவுடைமை.

செலவையும் முன்கூட்டியே எண்ணிப் பார்க்க வேண்டும். 50 வாட் பல்பு நாளைக்கு 10 மணி நேரம் எரிந்தால் அரை யூனிட். 100 வாட் நீர்ச்சூடேற்றி பாதி நேரம் இயங்கினால் 1.2 யூனிட். 15 வாட் குழல் விளக்குக்கு 0.15 யூனிட். ஆக நாளொன்றுக்கு 1.85 யூனிட், இரு மாத மின்கட்டணச் சீட்டில் 111 யூனிட் ஏறும். இது குஞ்சாமை ஒன்றின் கணக்கு. செங்காது ஆமை 20, 30 ஆண்டுகள் வாழும். சல்கேட்டா நம் பிள்ளைகளின் முதுமை வரையிலும் வாழக்கூடும், 40 கிலோவுக்கு மேலும் வளரும். அத்தனை ஆண்டும் அந்தப் பல்பு எரிய வேண்டும்.

வாங்குமுன் சில கேள்விகள்

நம் நாட்டுக் காட்டுயிர்களை வளர்ப்பதற்குச் சட்டம் இடந்தருவதில்லை. தேயிலைக்காட்டு ஓரத்தில் காணும் உடும்பு, மலைப்பாம்பு, திருவிதாங்கூர் ஆமை, வெளியூர்ச் சந்தைகளில் மறைவாக விற்கப்படும் நட்சத்திர ஆமை ஆகியவை 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தால் காக்கப்படுபவை. அவற்றைப் பிடித்தாலும், வாங்கினாலும், வைத்திருந்தாலும் குற்றமே. அவற்றுக்கு நம் பல்பும் வேண்டா. காடே அவற்றுக்கு வெயிலும் நிழலும் தருகிறது. பல்லாண்டுகள் அறிவியலார் கண்ணிற்படாதிருந்த பிரம்பாமையை 1982இல் சாலக்குடிக் காடுகளில் தேடிக் கண்டவர் சென்னையைச் சேர்ந்த ஜெ. விஜயா என்னும் இளம்பெண். அவர் நினைவாகவே 2006இல் அவ்வாமைப் பேரினத்திற்கு ‘விஜயாகெலிஸ்’ என்று பெயர் சூட்டப்பெற்றது. ஆமையிடம் அன்புடையார்க்கு அதைக் காட்டிலேயே காண்பதும் ஓர் இன்பம் என்பதற்கு அவர் வாழ்வு சான்று.

அயல்நாட்டு உயிர்களுள்ளும், பச்சை இகுவானா, பந்து மலைப்பாம்பு, சல்கேட்டா ஆமை முதலாகப் பன்னாட்டு உடன்படிக்கையின் பட்டியலில் உள்ளவற்றை வைத்திருப்போர், 2024ஆம் ஆண்டு விதிகளின்படி அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். பதிவுத்தாள் காட்டாத கடையில் அவற்றை வாங்காதீர்.

செங்காது ஆமையைப் பற்றி இன்னும் ஒன்று. அது வட அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பகுதிக்கு உரியது. வளர்க்க இயலாதவர் அதை ஓடையில் விட்டுவிட்டுப் புண்ணியம் செய்ததாக எண்ணுகின்றனர். அது நம் நாட்டு ஆமைகளின் உணவையும் வெயில் காயும் இடத்தையும் பறித்துக்கொள்ளும். பீர்மேட்டின் ஓடைகள் பெரியாற்றிலும் பம்பையிலும் சென்று கலப்பவை. பீச்சியிலுள்ள கேரள வன ஆராய்ச்சி நிலையம், இவ்வாமையை வைத்திருப்போர் நீர்நிலைகளில் விடாமல் தன்னிடம் ஒப்படைக்குமாறு வேண்டியுள்ளது. சால்மோனெல்லா என்னும் நோய்க்கிருமியை ஆமைகள் சுமந்து வரக்கூடும். சிறுவர்க்கு அந்நோய் பரவியதால், ஓடு நான்கங்குலத்திற்கும் குறைவான ஆமைகளின் விற்பனையை அமெரிக்கா 1975இல் தடை செய்தது. ஆமையைத் தொட்ட பின் சோப்பிட்டுக் கை கழுவுவதைப் பிள்ளைகளுக்குக் கட்டாயமாக்குக.

இவ்வளவும் படித்த பின், “நம்மால் இயலாது” என்று ஒரு குடும்பம் முடிவு செய்யுமானால், அதுவும் ஆமைக்குச் செய்யும் நன்மையே. “இயலும்” என்று துணிபவர், முதலில் வாங்க வேண்டியது ஆமை அன்று. வெப்பமானியை வாங்குக, பீங்கான் ஹோல்டரை வாங்குக, பல்பை மாட்டி ஒரு வாரம் அளந்து பார்க்க. அளக்கும் பணியைப் பிள்ளைகளிடமே ஒப்படைக்க. காலை எழுந்ததும் பனிக்குள் விளக்கேற்றி, எண்ணைப் பார்த்து எழுதும் பொறுப்பை ஒரு வாரம் விடாமல் ஏற்கும் பிள்ளையிடம் ஓர் உயிரை நம்பி ஒப்படைக்கலாம். அந்த ஒரு வாரத்திலேயே சலித்துவிட்டால், காலியான தொட்டியில் எவ்வுயிரும் வாடவில்லை என்று மகிழ்வோம்.